மணியும் மூன்று புள்ளிகளும்

அறுபத்தொன்பதாம் வருஷத்து அறுப்பின் பண்டிகை, சபையார் கொடுத்த காணிக்கைகளை ஏலம் விடுகிற நாள். தாம்பரத்து வேதக்கோயில் வளாகத்தில் ஏலத்துக்கு வைத்திருந்த பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே ஒரு சாரணர் மடக்குக் கத்தி கிடந்தது. காணிக்கையாகக் கொடுத்தவர் கோயில் பள்ளிக்கூட டீச்சர் மெட்டில்டாவின் கணவர் ஞானையா. சத்தியநாதன் அதைப் பிரித்து, அலகின் அடியில் குத்தியிருந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்துக் கமிட்டிச் செயலாளர், சாரணர் படைக்கும் தலைவர். ஐம்பது வயதில் அரைக்கால் சட்டையோடு ஆராதனைக்கு வருகிற ஜன்மம்.

"ஒரு மணி, கீழ மூணு புள்ளி. இப்படி ஒரு கம்பெனி இங்கிலாந்துலயே கெடையாது. பாரிஸ் கார்னர் பிளாட்பாரச் சரக்கு. ஏன் ஞானையா, ஆண்டவருக்கே டூப்ளிகேட்டா?"

சபை சிரித்தது. இனி அவர் பெயரே டூப்ளிகேட் ஞானையாதான். பட்டப்பெயர் வைப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிற ஜனங்கள்.

மெட்டில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்? இடுப்பில் தொங்குகிற தன் கத்தி, நாற்பத்தாறில் வெள்ளைக்காரச் சாரணர் கமிஷனர் தன் கையால் கொடுத்தது என்று சொல்லாத நாளில்லை. போன மாதம் பள்ளி விளையாட்டு விழாவில் அதைக் கொண்டு அவர் ரிப்பன் வெட்டியபோது தட்டு பிடித்து நின்றவள் அவள்தான். அதிலிருந்த முத்திரையை அவள் பார்த்திருந்தாள். அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கண்ணாடியை ஊரார் பொருளுக்கு மட்டுமே வெளியே எடுப்பார்.

"சார், உங்க கத்தியையும் பக்கத்துல வைங்களேன். ஒரிஜினல் எப்படி இருக்கும்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

"வேணாம் மெட்டில்டா," என்று ஞானையா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள்.

எல்லாரும் பார்க்க, மறுக்க முடியாமல் சத்தியநாதன் கத்தியைக் கழற்றிக் கொடுத்தார். ஏலம் விடுகிறவர் கண்ணாடியை வாங்கிக் குனிந்தார்.

"இதுலயும் மணி. மூணு புள்ளி, சார்."

சத்தியநாதன் முகம் தொங்கிப்போனது. ஆனால் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்போ ஞானையா கத்தியும் ஒரிஜினல்தான். வெயில்ல கண்ணு சரியா தெரியல. நானே எடுத்துக்கறேன், முப்பது ரூபா!"

சிரித்த அதே ஜனங்கள் இப்போது கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம். மெட்டில்டா வெற்றியோடு கணவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டும் நான் வாங்கினதுதான்," என்றார் காதோரமாக. "பாரிஸ் கார்னர்ல. ஒண்ணை லண்டன் சரக்குன்னு சொல்லி அவருக்குக் கிறிஸ்மஸுக்குக் கொடுத்தேன்."

"எப்போ?"

"நீ ஸ்கூல் வேலைக்கு மனு போட்ட வருஷம்."

கமிஷனரும் பொய், கத்தியும் பொய். தகுதியால் கிடைத்த வேலை என்று அவள் பத்து வருஷமாக நிமிர்ந்து நடந்ததும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

சத்தியநாதன் இரண்டு கத்திகளையும் இடுப்பில் மாட்டிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று உரச, பல் தெரிய அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஏதாவது நறுக்கென்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கைகள் தாமாகக் குவிந்துவிட்டன.

"ஸ்தோத்திரம், சார்."