இழுத்தவருக்கே தகடு

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவது பழக்கத்தினால்தான், மரியாதையினால் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாகச் சொல்லலாம்.

நான் பல் மருத்துவர். அத்தானுக்குப் பெயின்ட் கடை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: அக்கா, பெட்டி. பெட்டி என்பது வண்டி. பாறை, மணல், சேறு எதிலும் ஏறி இறங்கும் அந்தக் காலத்து வண்டி. நாலு பக்கமும் தட்டையான தகரம், முன்னால் இரண்டு வட்ட விளக்கு. மழை பெய்தால் வெளியே நிற்பவரைவிட உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் அதிகம் நனைவார். கம்பெனி வைத்த பெயர் வேறு, ஓட்டுகிறவர்களுக்கு அது பெட்டிதான். அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து பெட்டிக்காரர்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குப் பிறகு அதற்குத் தலைவர் அத்தான்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியின் மூக்கில் கம்பெனி முத்திரை பதித்த பித்தளைத் தகடு ஒன்று திருகாணியில் நிற்கும். சேற்றில் மாட்டிக்கொண்டவரை யார் கயிறு கட்டி இழுத்து வெளியே விடுகிறாரோ, அவருக்கு அந்தத் தகட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். திரும்ப வேண்டுமென்றால், அதே ஆள் என்றைக்காவது மாட்டிக்கொள்ளும்போது போய் இழுத்துக் காப்பாற்ற வேண்டும். கெஞ்சினாலும் கிடைக்காது. கடையில் புதிதாக வாங்கி மாட்டினால் ஊரே சிரிக்கும். அதுவரை வண்டி மூக்கில் வெறும் ஓட்டையோடு திரிய வேண்டியதுதான்.

அப்பாவின் தகட்டை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மூலை வளைந்து, கடித்து வைத்த மாதிரி இருக்கும். எங்கே போனாலும் சோடா பாட்டிலை அந்த மூலையில் கொடுத்து ஒரு தட்டுத் தட்டித்தான் திறப்பார். ஓப்பனர் வாங்கித் தந்தேன். அதை டாஷ்போர்டில் பத்திரமாக வைத்துவிட்டு மறுபடியும் தகட்டிலேயே திறந்தார்.

அவர் கடைசியாக ஓட்டிய பயணத்தில் ஓர் ஓடையில் மாட்டிக்கொண்டார். இழுத்தவர் அத்தான். தகட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது, அடுத்த மழைக்கு உங்களை இழுத்து வாங்கிக்கிறேன் மாப்பிள்ளை என்று அப்பா சிரித்தார். அடுத்த மழைக்கு அப்பா இல்லை. தகடு அத்தானுடைய கடையில், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. காரியமெல்லாம் முடிந்த பிறகு கேட்டேன். சட்டம் சட்டம்தான், மாமாவே அப்படித்தான் சொல்லியிருப்பார் என்றார். அது உண்மை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அப்பாவின் பெட்டி என்னிடம் வந்தது. என்றைக்காவது அத்தான் மாட்டுவார், அன்றைக்கு நான் இழுப்பேன் என்று இருந்தேன்.

அதற்குள் என் தோள்பட்டை போய்விட்டது. வருஷக்கணக்கில் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்ததன் பலன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெட்டியின் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. அதைத் திருப்புவது ஆட்டுக்கல்லில் தனியாக மாவாட்டுகிற மாதிரி. பவர் ஸ்டியரிங் போட்டுக்கொண்டேன். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் அத்தான் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

அந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் வந்தது. அசலாக இல்லாத வண்டிக்குக் கிளப்பில் இடமில்லை, பயணங்களுக்கும் வரக் கூடாது. எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து அத்தான் நிதானமாகச் சொன்னார்.

"மாமா மட்டும் இருந்து இதைப் பார்த்திருந்தா அழுதிருப்பாரும்மா."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயணத்துக்கே போக முடியாதென்றால் அத்தானை எங்கே இழுப்பது, தகட்டை எப்படி வாங்குவது? இது அத்தானுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார் என்று அன்றைக்கு முடிவு செய்தேன், இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே பல் சுத்தம் செய்துகொள்ள என் கிளினிக்குக்கு வந்தார். வழக்கம்போல ஓசி. செய்துவிட்டேன். அவர் வாயைக் கொப்பளிக்கும்போது அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொறு, உனக்கு இருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன். மனதுக்குள் என்பதால் மரியாதை தேவைப்படவில்லை.

பிறகு கம்பெனி புதுப் பெட்டியை அறிவித்தது.

அதன் படம் வெளியான அன்றே கிளப் இரண்டாக உடைந்தது. மருந்துக்கடைக்காரம்மாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. இனிமேல் வண்டிக்குள் குடை பிடிக்க வேண்டாம் என்றார். கணக்கு வாத்தியார், மனைவி பல வருஷம் கழித்து என்னோடு வண்டியில் ஏறச் சம்மதித்திருக்கிறாள், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். வெல்டருக்கு வயிறு எரிந்தது. கண்ணுக்கு ஒரு போல்ட்டாவது தெரிகிறதா, இதை எங்கே கழற்றுவது, எங்கே ஒட்டவைப்பது என்று கேட்டவர், முன்விளக்கைப் பார்த்துவிட்டு, மை தீட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கிறது என்றார். கிளப்பில் இல்லாவிட்டாலும் இதெல்லாம் எனக்குத் தெரியும். பல்வலி வராத பெட்டிக்காரர் யாரும் இல்லை.

எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டியவர் அத்தான். சோப்பு டப்பா என்று பெயர் வைத்ததே அவர்தான். ஒரு விரலால் திருப்புகிற ஸ்டியரிங் ஆம்பளைக்கு எதற்கு என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். பழைய பெட்டிக்காரர்களின் குரல் என்று ஒரு பட்டம் கொடுத்து, ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் புது வண்டியையும் கொடுத்தார்கள். மறுநாளே அவர் எழுதினார்: உடம்புதான் புதிது, உயிர் அதே உயிர்.

அதை இரண்டு தடவை படித்தேன். என் தோளுக்காக நான் போட்ட ஸ்டியரிங் அசலைக் கெடுத்தது. ஓசியில் வந்த ஸ்டியரிங்கில் உயிர் இருந்தது.

கோபம் இருக்கிறவள் சும்மா இருக்கக் கூடாது, வேலை பார்க்க வேண்டும். ஒரு மதியம் ஷோரூமுக்குப் போய், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நல்ல வண்டி. பொய் சொல்ல மாட்டேன், என் தோள் அதைக் கும்பிட்டது. பின்பக்கம் இருந்த மண் மேட்டில் மெதுவாக ஏற்றும்போது, பழக்க தோஷத்தில் பெல்ட்டை அவிழ்த்துக் கதவைத் திறந்து, பின்சக்கரம் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தேன். பெட்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. பழைய பெட்டியில் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும், பாதி உடம்பு வெளியே தொங்கும். புது வண்டி ஒரு முனகலோடு தானாகவே பிரேக் போட்டு அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்குகிறார் என்று நினைத்துக்கொள்ளுமாம், பாதுகாப்புக்காகவாம். பக்கத்தில் இருந்த விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். நானும் அருமை என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கொஞ்ச நாளில் கல்குவாரிப் பள்ளத்தில் புதுசும் பழசும் சந்திக்கும் திருவிழா என்று அத்தான் ஒன்று ஏற்பாடு செய்தார். கம்பெனியின் செலவு, கம்பெனியின் போட்டோக்காரர். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விளம்பரம் செய்திருந்ததால் என்னைத் தடுக்க முடியவில்லை. அப்பாவின் பெட்டியைக் கரையோரம் நிறுத்தினேன். மூக்கு ஓட்டையைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா புது வண்டியிலிருந்து இறங்கி வந்து, எதுக்குடி வந்தே என்று கேட்டாள். வேடிக்கை பார்க்க என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் திரும்பி அந்த வண்டியில் ஏறவில்லை.

வழக்கம் செல்லும் என்று ஆரம்பத்திலேயே அத்தான் அறிவித்தார். யார் இழுத்தாலும் இழுத்தவருக்கே தகடு. தான் மாட்டப் போவதில்லை என்ற நம்பிக்கை. புது வண்டி உண்மையில் நன்றாகத்தான் போனது. பழைய பெட்டிகள் மூச்சு வாங்கிய இடத்தில் அது சத்தமே இல்லாமல் ஏறியது. சேற்றுக்கென்று ஒரு பொத்தான், அழுத்தினால் அதுவே பார்த்துக்கொள்கிறது. வெல்டரே தாடையைத் தடவ ஆரம்பித்தார். கடைசியாகப் பள்ளத்தின் நடுவில் இருந்த குழைசேற்றில் அத்தான் இறக்கினார். பாதி தாண்டிவிட்டார். போட்டோக்காரர் குனிந்து குறி பார்த்தார்.

நான் கரையில் நின்று கத்தினேன்.

"அத்தான், பின்சக்கரத்தைப் பாருங்க."

பின்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தன் பாட்டுக்கு நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அப்படி ஒரு குரல் கேட்டால் பெட்டிக்காரனின் கை தானாகக் கதவுக்குப் போகும். அத்தான் பெல்ட்டை அவிழ்த்தார், கதவைத் திறந்தார், பாதி உடம்பை வெளியே விட்டு எட்டிப் பார்த்தார். வண்டி முனகியது, நின்றது. நிற்கவே கூடாத இடம் அது. மறுபடி கிளப்புவதற்குள் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது. திறந்த கதவு வழியாகச் சேறு உள்ளே போய் அந்த வெள்ளை இருக்கையில் ஏறியது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு.

அத்தான் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் வானத்தைப் பார்த்தார். வாத்தியாருக்குத் திடீரென்று ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. நான் அப்பாவின் பெட்டியைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றை மாட்டி, அந்தப் பாவப்பட்ட பவர் ஸ்டியரிங்கைத் திருப்பி, நிதானமாக இழுத்துக் கரையில் விட்டேன். பிறகு கையை நீட்டினேன்.

"அப்பாவோட தகடு."

அத்தான் முகம் கழுவுவது போலச் சேற்றைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்காதான் சொன்னாள், தகடு கடையில் இல்லை. கம்பெனிக்காரர்கள் ஷோரூமில் பழைய பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள், அதற்காகக் கேட்டார்கள், இவர் கொடுத்துவிட்டார்.

"உங்க வண்டிக்குப் பதிலா எங்கப்பா தகட்டைக் குடுத்தீங்களா?"

அப்படி இல்லை, நினைவுப் பரிசு என்று ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து தட்டைக் கம்பியை எடுத்துவந்து புது வண்டியின் மூக்கில் இருந்த தகட்டுக்குக் கீழே செருகினேன். அதைத் தொடாதே என்று போட்டோக்காரர் ஓடி வந்தார். பல் பிடுங்குகிறவளிடம் வந்து தொடாதே என்றால்? ஒரு நெம்பு, வந்துவிட்டது. பிளாஸ்டிக். கையில் கனமே இல்லை. அதற்குப் பின்னால் முன்னே போகிற வண்டியைக் கவனிக்கிற ரேடார் ஒன்று விழித்துக்கொண்டு இருந்தது, கம்பி இழுத்ததில் அதுவும் பெயர்ந்துவிட்டது. உள்ளே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து எரிந்தது, வண்டி நடைவேகத்துக்கு மேல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பா தகடு வரும்வரைக்கும் இது என்னிடம் இருக்கட்டும் என்றேன். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. சட்டம் சட்டம்தானே என்று வெல்டர் மட்டும் வானத்தைப் பார்த்தே சொன்னார்.

பிளாஸ்டிக் தகட்டைக் கிளினிக்கில், நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். வாயைத் திறந்தால் கண் நேராக அங்கேதான் போகும். பெட்டிக்காரர்கள் இல்லாத பல்வலியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அத்தான் வந்தது மழை ஆரம்பித்த பிறகு. கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப்பல், உண்மையான வலி. நாற்காலியில் சாய்ந்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பட்டம், விருந்து எல்லாம் போயிற்றாம். அதற்குப் பிறகுதான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்களாம். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். பித்தளை கண்ணைக் கூசவைத்தது. கீறல் எல்லாம் தேய்த்து, பாலிஷ் போட்டு, வளைந்த மூலையைத் தட்டி நேராக்கி, கடிபட்டு இருந்த ஓரத்தை நிரப்பி, புத்தம் புதிதாகப் பளபளத்தது. கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காகச் செய்தார்களாம். எந்த மூலையில் அப்பா சோடா திறப்பார் என்று விரலால் தடவித் தேடினேன். நாலு மூலையும் ஒன்று போலவே இருந்தது.

"எப்படிப் பண்ணியிருக்காங்க பாரு, அச்சு அசல் அன்னிக்கு வாங்கின மாதிரியே இருக்கு" என்றார் அத்தான், வீங்கிய வாயோடு, நல்ல மனதோடு.

அந்த மாதக் கூட்டத்திலிருந்து நான் பத்திரமாக வைத்திருந்த ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்து அவரிடமே கொடுத்தேன்.

"அப்பா மட்டும் இருந்து இதைப் பார்த்திருந்தா அழுதிருப்பார் அத்தான்."

அவர் தகட்டைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நான் எதிர்பார்த்த முகம்தான், இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் கண் நனைந்தது எனக்கு. கையுறை போட்டிருந்ததால் முழங்கையால் துடைத்துக்கொண்டேன்.

தகட்டைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். ஊசியை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறவுங்கள் என்றேன்.