பச்சைச் சட்டைக்காரி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். நாட்டுக்காக விளையாடப் போய்த் திரும்பி வந்த நம்ம விருத்தாசலத்துப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், சட்டென்று முடிந்துவிடும்.

ஆன் மேரிக்குப் பதினாறு வயது. பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பர். அணியில் கோல்கீப்பர்கள் மூன்று பேர்; இவள் மூன்றாவது. மூன்றாவது ஆள் எல்லோரோடும் ஓடி, எல்லோரோடும் விழுந்து எழுந்து, ஆட்டத்தன்று மட்டும் ஆரஞ்சு பனியனை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். முகாமில் தமிழ் பேச ஒருத்தரும் கிடையாது. மற்றவர்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தால், இவள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள். இதையெல்லாம் அம்மா அருள்மேரியிடம் சொன்னதில்லை. "டீமுல இருக்கேம்மா" என்றதோடு சரி. அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குக் கவலை எதற்கு என்று நினைத்தாள்.

வெளிநாட்டில் போட்டி முடிந்து சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினால், ஸ்டேஷனில் மாலையோடு அம்மா நிற்கிறாள். கூடவே பீங்கான் பொம்மைப் பட்டறையில் அம்மாவோடு வேலை செய்யும் பெண்கள்.

"எங்க, அந்தக் கைய காட்டு. இந்தக் கைதான புடிச்சிது?" என்றாள் ஆராயி அக்கா.

"எதைக்கா?"

"கேக்குறா பாரு. பெனால்ட்டியதான். உங்கம்மா அன்னிக்கி அழுத அழுகையில களிமண் கூழுக்குத் தண்ணி ஊத்தற வேலையே இல்லாம போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆன் மேரி கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பந்தைப் பிடித்தவள் அணியின் முதல் கோல்கீப்பர், ஜார்க்கண்ட் பெண் சலோமி.

நடந்தது இதுதான். ஆட்டம் வேலை நேரத்தில் வந்தது. ஆராயியின் போனை டிபன் கேரியரில் சாய்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லோர் கையிலும் களிமண் கூழ். அச்சிலிருந்து பொம்மையை எடுக்கும் நேரம் தவறினால் விரிசல் விட்டுவிடும் என்பதால், கை கழுவப் போகவும் முடியவில்லை. போனைத் தொட்டுப் படத்தைப் பெரிதாக்கவும் ஆளில்லை. உள்ளங்கை அகலத்தில் எறும்பு மாதிரி ஆட்கள். முகாமில் போன்களை வாங்கி வைத்திருந்ததால் இவள் காதுக்கும் எதுவும் எட்டவில்லை.

"கோல்கீப்பர் சட்டை மட்டும் வேற கலராச்சே. அந்தப் பச்சைச் சட்டைய வுட்டு நான் கண்ண எடுக்கவே இல்ல" என்றாள் அம்மா, பெருமை தாங்காமல். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலில் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

அன்று முழுக்க ஆன் மேரிக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அம்மா அவளுடைய இந்திய ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"அம்மா, அது நான் இல்ல."

"எதுடி?"

"பச்சைச் சட்டை. அது வேற பொண்ணு. நான் ஒரு மேட்ச்சு கூட ஆடல."

அருள்மேரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப நீ எங்க இருந்த?"

"ஓரத்துல. பெஞ்சுல."

"அத காட்டுனாங்களா?"

"நடுநடுவுல காட்டியிருப்பாங்க."

அம்மா ஜெர்சியின் சுருக்கத்தைக் கையால் நீவினாள். "பெத்தவ நான். உன்ன வுட்டுட்டு வேற புள்ளைய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனா" என்றாள். அதற்குப் பதில் இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது மகளுக்கு.

"நாளைக்கி என்ன பண்ணப்போற?"

"மைக்குல சொல்லிடறேன்."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்மா. அவ புடிச்ச பந்துக்கு நான் எப்படிப் பொன்னாடை வாங்கறது?"

மறுநாள் சொன்னாள். சலோமியின் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். கூட்டம் ஒரு கணம் விழித்தது. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் பெரியவர் பால்சாமி மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா தன்னடக்கத்த? கெடச்ச பேரக்கூட கூட்டாளிக்குக் குடுக்குது நம்ம புள்ள" என்றார். கைதட்டல் இரண்டு மடங்கானது. பொன்னாடை தோளில் விழுந்தது.

எத்தனையோ அந்நிய மைதானங்களில் பேச்சுத்துணை இல்லாமல் உட்கார்ந்தவள் அவள். ஆனால் பிறந்த ஊரில், ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் நிற்கும்போது இருந்த அந்தத் தனிமை, அங்கெல்லாம் இருந்ததில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அருள்மேரி எழுந்தாள். "தன்னடக்கம் இல்லீங்க. புள்ள சொல்றது நெசம். நான்தான் ஆள மாத்திப் பாத்துட்டேன்."

கைதட்டல் நின்றது. பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பொன்னாடையைத் திரும்ப வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் பால்சாமி நின்றார். ஆன் மேரியே அதை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு இரண்டு பேர் மட்டும்தான் நடந்தார்கள். கோயிலுக்குப் போகும்போது கூட வந்தவர்கள் எல்லோருக்கும் ஏதோ வேலை வந்துவிட்டது. நல்ல வெயில். பாதி வழியில் அம்மா கேட்டாள்.

"அடுத்த மேட்ச்சு எப்ப?"

"அடுத்த மாசம். அப்பவும் உக்காரத்தாம்மா போறேன்."

"உக்காரு. எந்தப் பக்கம் உக்காருவேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

மகள் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டாள். "இடது பக்கம்மா. கடைசி சீட்டு" என்றாள்.

கதை கேட்ட உங்கள் வீட்டில் உலை கொதித்தபடி இருக்கட்டும், கண்ணுகளா. தூரம் போன பிள்ளைகள் சுகமாகத் திரும்பட்டும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே இன்னார் என்று தெரிந்துகொள்ளும் ஒருவர், உள்ளே எந்நாளும் இருக்கட்டும்.