கழுத்து திரும்பிய அணி

“கோச்சக்கா, இப்ப யாருக்குத் தள்ளணும்?” என்று பந்தை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி நடுக்களத்திலிருந்து கேட்டாள். கோச்சக்கா “வலது பக்கம்!” என்று கத்தினாள். அன்றிலிருந்து அந்த ஹாக்கி அணியில் எல்லாப் பெண்களின் கழுத்தும் கோச்சக்கா இருக்கும் திசைக்கே திரும்பி நின்றுவிட்டது. வீடுகளில் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் தசைப்பிடிப்பு என்று மாத்திரை எழுதினார். பிறகு பழகிவிட்டது. சோற்றுத் தட்டைப் பக்கவாட்டில் வைத்தார்கள். “உங்க கோச்சு மார்க்கெட்டுல நிக்கிறா போல” என்று மகளின் முகத்தைப் பார்த்தே ஓர் அம்மா சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடம் கரும்பலகைக்குப் பின்னாலிருந்த வராந்தாவில் கோச்சக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டது. பிள்ளைகள் பாடத்தையும் பார்க்க வேண்டுமே.

வருடங்கள் போயின. கோச்சக்காவுக்கு முழங்கால் தேய்ந்தது, மனசும் அலுத்தது. வெளியூரில் தங்கையோடு போய் இருந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அவள் போனால் இந்தப் பிள்ளைகள் காலம் முழுக்க அந்த ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு வாழ வேண்டும். ஒரு கழுத்து திரும்பினால் மற்றவையும் திரும்பும், அப்புறம் கிளம்பலாம் என்று நினைத்து, கத்துவதை நிறுத்தினாள். சின்னக் கட்டம் போட்டு, பந்தோடு மூன்று பேர், மறிக்க இரண்டு பேர் என்று தினமும் ஆடவிட்டாள்.

“யாருக்குக்கா?”

“நீயே பாத்து முடிவு பண்ணு.”

“எப்படிப் பாக்குறது? மூஞ்சி உங்க பக்கம்ல இருக்கு” என்றாள் ஒல்லி என்று கூப்பிடப்பட்ட பெண்.

பருவத்தின் கடைசி ஆட்டம் சமநிலையில் இருந்தபோது பந்து ஒல்லியிடம் வந்தது. வலது பக்கம் காலியாகக் கிடந்தது. கோச்சக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். காய்ந்த குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஒல்லியின் முகம் முன்னால் திரும்பியது. அவள் இடது பக்கம் தள்ளினாள். எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டது.

“அறிவிருக்காடி? அக்காவக் கேக்க வேண்டியதுதானே!” என்று கோல்கீப்பர் ஒல்லியைத் திட்டினாள். அவள் முகம் கோச்சக்கா பக்கம் இருந்ததால் திட்டும் கோச்சக்காமீதே விழுந்தது.

“ஏன் இடது பக்கம்?” என்று கோச்சக்கா மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் பக்கம் நின்னவ உள்ள ஓடி வருவான்னு நெனச்சேன். உங்களையே பாத்துக்கிட்டு நின்னுட்டா.”

 மற்ற பெண்கள் கோச்சக்காவைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கலைந்தார்கள். ஒல்லி மட்டையைப் பையில் செருகி, தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனாள். முதுகில் தொங்கிய அவள் பின்னலில் நீல ரப்பர் பேண்ட் போட்டிருப்பது கோச்சக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.