வெண்டல் சொன்ன அப்பா

ஹிங்க்லி ஊரைத் தாண்டும்வரை இர்யாவுக்கு வெண்டல் மேல் எந்தக் கோபமும் இல்லை. கல்லூரியோடு பிரிந்து, முப்பது வருஷத்துக்கு மேல் பார்க்காத நண்பன் மேல் என்ன கோபம் வந்துவிடப் போகிறது? வழக்கம்போல அங்கே நிறுத்தி ஒரு கேரமல் ரோல் வாங்கி, விரலை நக்கியபடி, நல்ல மனநிலையில்தான் வண்டியைக் கிளப்பினாள். துலூத் துறைமுகத்தை மரக்கட்டையில் செதுக்கி அவள் அச்செடுத்த படங்கள் அந்த வசந்தத்தில்தான் புத்தகமாக வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு வெண்டல் எழுதியிருந்தான். மினியாபொலிஸுக்கு வந்து என் பாட்காஸ்டில் உட்கார்ந்து பேசு. உன் வேலையைப் பற்றி, வாழ்க்கையைப் பற்றி, நீ எதை நம்புகிறாய் என்பதைப் பற்றி.

பாட்காஸ்ட் கேட்கும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. உளி ஓடும்போது காதருகே யாராவது பேசினால் கை கோணிக்கொள்ளும். இருந்தாலும் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது அங்கே என்ன சமையல் என்றாவது தெரிய வேண்டாமா? போனில் தேடி, அவன் நிகழ்ச்சியின் முதல் பகுதியை ஓடவிட்டாள். நிகழ்ச்சியின் பெயர் ‘கண்ணாடியை இறக்கு’.

வெண்டலின் குரல் கனத்திருந்தது. நிதானமாகத்தான் ஆரம்பித்தான். என் அப்பா அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என்னைப் பச்சை டிரக்கில் ஏற்றிக்கொண்டு ஏரி தெரியும் மேட்டுக்குப் போவார். இன்ஜினை அணைப்பார். “கண்ணாடிய இறக்கு. என்ன கேக்குது, சொல்லு” என்பார். மூன்று சத்தங்களைச் சொன்னால்தான் வீட்டுக்குத் திரும்பலாம். கேட்பது என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த மனிதர்தான். இந்த நிகழ்ச்சி அவருக்காக.

இர்யா வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். மேடு அவளுடையது, டிரக் அவளுடையது, அப்பா அவளுடைய அப்பா. உர்ஹோ கின்னுனென், இரும்புத்தாது கப்பலேற்றும் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். இர்யாவுக்கு எட்டு வயதில் அம்மா செத்துப்போனாள். அதன்பிறகு அந்த வீட்டில் வாயைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்படியே ஒரு குளிர்காலம் போனது. வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியை இறக்கு என்றார். அவளை மறுபடி பேசவைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அம்மா செத்ததை மட்டும் வெண்டல் நைசாகக் கழற்றிவிட்டுவிட்டான். அவனுடைய அம்மா உயிரோடு இருந்தாளே, என்ன செய்வான் பாவம்.

கதைகள் நிறைய உள்ள மனிதரின் கதை ஒன்று களவு போனால் போகட்டும் என்று விடலாம். உர்ஹோ வாயைத் திறந்தால் குளிர்காற்று உள்ளே போய்விடும் என்பது போல வாழ்ந்தவர். நான்கு வருஷம் முன்பு அவரை அடக்கம் செய்துவிட்டு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்தபோது, வந்தவர்களெல்லாம் நல்ல உழைப்பாளி என்றார்கள். அதற்குமேல் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கதை. அதைக் கேட்டு லட்சம் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள், வெண்டலின் அப்பாவுக்காக. செயின்ட் கிளவுடில் செருப்புக் கடை வைத்திருந்த வாயாடிக்காக!

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும், அதுவும் மைக்குக்கு முன்னாலேயே கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வண்டியை எடுத்தாள்.

கதவைத் திறந்த வெண்டலைப் பார்த்ததும் அந்த முடிவு கொஞ்சம் ஆட்டம் கண்டது உண்மைதான். தலை முழுக்க வெள்ளை. தொப்பை. ஆனால் சிரிப்பு அதே கல்லூரிச் சிரிப்பு. அவளைக் கட்டிப்பிடித்து, விலகி நின்று பார்த்து, மறுபடி கட்டிப்பிடித்தான். பதிவு செய்யும் அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஒட்டுப்போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தான்.

“நம்ம ரேடியோ ரூம்ல முட்டை அட்டையா ஒட்டி வச்சிருந்தோம், ஞாபகமிருக்கா?” என்றான்.

ஞாபகம் இல்லாமலா! கல்லூரி வானொலியில் இருவரும் சேர்ந்து ஞாயிறுதோறும் ஒரு பேட்டி நிகழ்ச்சி நடத்தினார்கள். மீன் பிடிக்கிறவர், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர், ஓய்வுபெற்ற பாதிரியார் என்று யார் அகப்பட்டாலும் இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டுவது வெண்டலின் வேலை. வெட்டிய துண்டுகளை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவான். எது எந்தத் துண்டு என்று குழம்பி, ஒருமுறை பாதிரியாரின் இருமலை மட்டும் வைத்து அவர் பேச்சையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டான். பாதிரியார் அதைக் கேட்டுவிட்டு, தன் பிரசங்கங்களைவிட இது சுருக்கமாக இருந்தது என்று பாராட்டினார். கேட்பவர்கள் என்று பார்த்தால் வெண்டலின் அத்தை ஒருத்தி நிச்சயம், மற்றபடி கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் இர்யா தன் வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அங்கேதான், பனிப்புயலில் சாலையெல்லாம் மூடிப்போன ஒரு நாளில், அவள் அப்பாவின் கதையை வெண்டலிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை, கட்டிக்கொண்டு பிரிந்த கணவனிடம்கூட.

வெண்டல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலி அளவு பார்க்க எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: “காலையில என்ன சாப்பிட்ட?”

“கேரமல் ரோல். கூடக் கொஞ்சம் கோபம்.”

அவன் சிரித்துக்கொண்டே அளவைச் சரிசெய்தான். அவன் அதைக் கேலி என்று நினைத்துக்கொண்டான்.

பேட்டி தொடங்கியது. அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது என்னவென்றால், வெண்டல் அருமையாகப் பேட்டி எடுத்தான். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். பதில் முடிந்தது என்று அவள் நினைத்த பிறகும் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில் அவளுக்கே தெரியாத பதில்கள் வந்து விழுந்தன. கடவுளை நம்புகிறாயா என்றான். மரத்தில் கணு எங்கே இருக்கும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை, உளி அதில் இடிக்கும்போது யாரோ இருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்றாள். சொல்லிவிட்டு, இதையெல்லாம் நான் எப்போது யோசித்தேன் என்று அவளே திகைத்தாள். என் அப்பாவைத் திருடியவனுக்கு இவ்வளவு நல்ல காதா என்று பொருமினாள்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். வெண்டல் குரலைத் தணித்தான். ஒவ்வொரு விருந்தாளியிடமும் கேட்கிற கடைசிக் கேள்விக்கு வந்திருந்தான். அதற்குமுன் அப்பாவின் கதையைச் சொல்வது வழக்கம் என்று வழியில் கேட்ட மற்ற பகுதிகளிலிருந்து தெரிந்துகொண்டிருந்தாள். இர்யா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லட்டும், சொல்லி முடித்ததும் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தாள்.

“எங்கப்பா இன்ஜின அணைச்ச உடனே கண்ணாடிய இறக்கச் சொல்ல மாட்டாரு,” என்றான் வெண்டல். “முதல்ல டேஷ்போர்ட ரெண்டு தட்டு தட்டுவாரு. மாட்டத் தட்டிக் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. மேட்ட ஏறிக் கொண்டுவந்து விட்டதுக்கு வண்டிக்கு நன்றி.”

இர்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், தட்டுவார். வலது உள்ளங்கையால் இரண்டு தட்டு. அது அடியோடு அவள் நினைவிலிருந்து போயிருந்தது. முப்பது வருஷமாக அந்தக் கை அவளிடம் இல்லை. இப்போது வந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் கறுத்துப்போன அந்தக் கை.

கேட்க நினைத்து வந்த நாலு கேள்விகளும் எங்கே போயினவோ தெரியவில்லை.

“அப்புறம்?” என்றாள்.

வெண்டல் வியப்போடு பார்த்தான். விருந்தாளிகள் யாரும் இந்த இடத்தில் அவனை விசாரித்ததில்லை. கண்ணாடி சரியாக இறங்காது, பாதியில் நிற்கும், கையால் அழுத்த வேண்டும் என்றான்.

“கதவு?”

“உள்ளேர்ந்து தொறக்காது. கண்ணாடி வழியா கையவிட்டு வெளியிலேர்ந்து தொறக்கணும்.”

“சீட்டு எப்படி இருக்கும்?”

“கிழிஞ்சிருக்கும். தையல்ல எல்லாம் செவப்புத் தூசி. எவ்வளவு தட்டினாலும் போகாது. ஞாயித்துக்கிழமை நல்ல துணி போட்டுட்டு உக்காந்தா பின்னாடி ரெண்டு செவப்புக் கோடு விழுந்துடும்.”

“எப்படி செவப்புத் தூசி வந்துச்சு?”

“இரும்புத்தாதுதான். துறையில வேலை பாத்தா ஒடம்பெல்லாம்...”

வெண்டல் அங்கே பேச்சை நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது. இர்யா உதவிக்கு வரவில்லை, அவன் அவளுக்குக் காத்திருந்த மாதிரியே அவளும் காத்திருந்தாள். அவன் ஹெட்போனை மெல்லக் கழற்றினான்.

“எங்கப்பா செருப்புக் கடை வச்சிருந்தாரு,” என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “எங்க வீட்ல டிரக்கே இல்ல. ப்யூக் கார். ஞாயித்துக்கிழமை அவர் கூட்டிட்டுப் போனது கடனுக்குச் செருப்பு வாங்கினவங்க வீட்டுக்கு, வசூலுக்கு. வழியெல்லாம் அவரேதான் பேசிட்டு வருவாரு. என்னை ஒரு கேள்விகூட கேட்டதில்ல.”

முதலில் ஒரு நண்பரின் அப்பா என்றுதான் சொல்ல ஆரம்பித்தானாம். பிறகு ஒரு அப்பா என்று சொன்னானாம். எந்த வருஷம், எந்த மேடையில் அது ‘எங்கப்பா’ ஆயிற்று என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் முகமாக இல்லை. அப்பா செத்த செய்தியை இப்போதுதான் கேட்டவன் முகமாக இருந்தது. இர்யாவுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. வரக்கூடாது என்று பார்த்தாள், வந்துவிட்டது.

“எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் இர்யா. அடுத்த வாரமே. நிகழ்ச்சியே இருக்காது, பரவாயில்ல.” ரெக்கார்டரை அணைக்கக் கையை நீட்டினான்.

“அணைக்காதடா.”

கை அந்தரத்தில் நின்றது.

“சொல்லத்தான் போற, சொல்லாம விட மாட்டேன். அத அப்புறம் பாத்துக்கலாம். அன்னிக்கு நான் உன்கிட்ட வேற என்னல்லாம் சொன்னேன்?” அவள் மேசைமேல் குனிந்து அவனைப் பார்த்தாள். “டேஷ்போர்டத் தட்டுவாருங்கிறத நான் மறந்துட்டேன் வெண்டல். அவரு என் அப்பா, நான் மறந்துட்டேன். உன்கிட்ட இருக்கு. குடு.”

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான். முட்டை அட்டை ஒட்டிய அந்த அறைக்குள் போய்த் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, நீ ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய், என்றான்.

“ஒரு தடவ நீ அவரத் திருப்பிக் கேட்டியாம். உங்களுக்கு என்னப்பா கேக்குதுன்னு. உனக்கு அப்ப ஒம்பது வயசு. ரொம்ப நாளா மார்ச்சளி.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘உன் மூச்சுதான். முந்தா நேத்து ராத்திரி ரொம்ப இழுத்துச்சு. நேத்து கொஞ்சம் தேவலை’ன்னாராம்.”

இர்யா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா போன பிறகு இரவுகளில் அவள் தனி அறையில் படுத்தாள். அப்பா படுத்தவுடன் தூங்கிவிடுவார் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். விடிந்தால் துறைக்குப் போய் உடம்பு முறிய வேலை செய்ய வேண்டிய மனிதர், சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை விழித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு நாள் தவிர, அதுவும் அவளே கேட்டதால். அதையும் அவள் தொலைத்துவிட்டிருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஊருக்கெல்லாம் மத்ததச் சொன்னியே, இத மட்டும் ஏன் ஒரு தடவைகூட சொல்லல?”

வெண்டல் யோசித்தான்.

“சொல்லிப் பாத்திருக்கேன். வரல. எங்கப்பா அப்படிச் சொல்லியிருப்பாருன்னு என்னாலயே நம்ப முடியல.”

இர்யா எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். முடிக்கட்டும் என்று இருந்தாள்.

“இன்னும் இருக்கா?” என்றாள்.

“இருக்கு,” என்றான் வெண்டல்.