ஆள் பேர் இல்லாத பெட்டி

…நூற்றுப் பதினொரு மெயில் பெட்டிக்கும் டிக் போட்டாயிற்று, இந்த ஒன்றுதான் பாக்கி, இதை மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் பட்டியலின் அடிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், மணி இரண்டே முக்கால், நாலுக்குப் பழைய சர்வரை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினால் நிறுத்தியதுதான், அதற்குள் இருப்பது பிறகு கடவுளே வந்தாலும் கிடைக்காது. பாலாவிலிருந்து வைக்கம் வரை பதினாலு பள்ளிக்கூடங்களின் மெயிலை இப்படி கிளவுடுக்கு மாற்றிக் கொடுத்தவள் நான், ஓரிடத்திலும் கை நின்றதில்லை. இந்தக் கடுத்துருத்திப் பள்ளிக்கூட வேலையை மட்டும் வேறு யாருக்காவது கொடுங்கள் என்று ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை ஜின்சி? பஸ் தூரம் கம்மி என்றா? யாரிடம் கதைவிடுகிறாய்… கெமிஸ்ட்ரி லேப், அதுதான் பெட்டியின் பெயர், ஆள் பேர் இல்லை, லேபின் பேர் மட்டும். பாஸ்வேர்டு ஆசிட் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதால் யாருமே திறக்கவில்லை, கெமிஸ்ட்ரி லிஜோ சாரும் நானும் தவிர.

நாலு வருஷம் இங்கே கம்ப்யூட்டர் லேபில் இருந்தேன், அனுப்புகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல் பிரின்சிபால் சிஸ்டர் ஜெசிந்தாவின் மேஜைக்குப் போகும் என்று அன்றைக்கு ஏற்பாடு, அதனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் எதையும் அனுப்பமாட்டார்கள். எழுதுவார்கள், எழுதி டிராஃப்டிலேயே விட்டுவிடுவார்கள், பாஸ்வேர்டு தெரிந்த மற்ற ஆள் திறந்து படித்து அதற்குக் கீழேயே பதில் எழுதி வைப்பார், போகாத கடிதத்துக்கு நகல் ஏது? கணக்கு டீச்சர்கள் சம்பளப் புலம்பலை அப்படித்தான் எழுதினார்கள், டிரில் சார் சீட்டாட்டத்துக்கு ஆள் சேர்த்தார், நாங்கள்… நாங்கள் என்ன எழுதினோம், மழை வருது குடை இருக்கா, நீல துப்பட்டா நல்லாருக்கு, இன்னிக்கு ஏன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தீங்க, இவ்வளவுதான், ஒருநாளும் விரல்கூடப் பட்டதில்லை, இவ்வளவுக்கா இப்படி? லிஜோ வீட்டில் சொந்தச் சபைக்கு வெளியே பெண்ணெடுக்கமாட்டார்கள், அது அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், தெரிந்துதான் எழுதினோம். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் சபைப் பெண்ணைக் கட்டி அவள் விசாவில் விமானம் ஏறினான், ஏறுகிற அன்று விடியற்காலை டிராஃப்டில் ஒரு வரி, போனதும் எழுதுறேன் ஜின்சி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் தினமும் திறந்து பார்த்தேன், வெட்கங்கெட்டவள், கல்யாணமாகிக் கழுத்தில் மின்னுத் தாலி ஏறின பிறகும் பார்த்தேன், மகள் பிறந்ததும்தான் நிறுத்தினேன்.

பாலாவில் முதல் வேலையில் ஒரு தப்புச் செய்தேன், டிராஃப்டு தானாக வராது, அதற்குத் தனி டிக் உண்டு, மறந்துவிட்டேன், ஹிந்தி டீச்சர் ஒருத்தி வந்து என் முன்னால் நின்று அழுதாள், யாருக்கும் அனுப்பாததுக்கா டீச்சர் இந்த அழுகை என்று கேட்டேனே, நான், அதுவும் நான் கேட்டேனே! அன்றிலிருந்து எந்தப் பள்ளியானாலும் முதல் டிக் டிராஃப்டுக்குத்தான்.

"என்னடி ஜின்சியே, பெரிய எஞ்சினியர் ஆயிட்ட, இன்னும் அதே நாற்காலி, அதே மாதிரி கால மடக்கிக்கிட்டு உக்காந்திருக்க," ஆபீஸ் கிளார்க் வர்க்கி சேட்டன் பாலில்லாத கட்டன் சாயாவையும் நேந்திரம்பழம் பொரித்த பழம்பொரித் தட்டையும் வைத்தார். "நம்ம லிஜோ சார் மட்டும் இருந்திருந்தா இதுல ஒண்ணு உனக்கு மிஞ்சியிருக்குமா?" அந்தப் பெயரை மனுஷர் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார். "ரெண்டு பிள்ளையாம், நல்லாத் தடிச்சிட்டாராம், தெரியுமோ?" "எனக்கெப்படித் தெரியும் சேட்டா," என்றேன், சிரித்தேன்கூட, நன்றாகத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன், அவர் போகிறவரை சிரிப்பை முகத்தில் பிடித்துவைத்திருந்தேன்.

பெயரும் வேலை செய்கிற போன் நம்பரும் இல்லாத பெட்டி புது இடத்துக்குப் போகாது, அதுதான் விதி, நானே பதினாலு பள்ளியில் வாத்தியார்களிடம் ஓதிய விதி. ஒரு வருஷமாக யாரும் தொடாத பெட்டியைக் கேட்காமலே அழிக்கலாம், சரி, தொடாததுதானே, போகட்டும், மாதாவே, போகட்டும் என்று கடைசியாகத் திறந்த தேதியைப் பார்த்தேன்… இன்று. இன்று காலை பதினொன்று நாற்பது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், இன்றுதான், நேற்றும் உண்டு, முந்தாநாளும் உண்டு, நாள் தவறாமல் உண்டு. ஐயோ, அவன் வந்துகொண்டிருக்கிறான், நான் பார்ப்பதை நிறுத்திய பிறகு அவன் பார்க்க ஆரம்பித்திருக்கிறான், அங்கே அப்போது காலை ஏழு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரம், அந்த அவசரத்திலும் ஒரு தரம் திறந்து பார்த்து… அடிப்பாவி, நீதானே மூடிவிட்டுப் போனாய், அவன் எழுதியிருந்தால்? பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே உட்கார்ந்திருந்தேன். எந்தக் கருவியிலிருந்து என்று பார்க்க இன்னும் ஒரே ஒரு சொடுக்குத்தான், சொடுக்கினேன்.

லிஜோவின் போன், கடைசியாக வந்தது விமானம் ஏறிய அதே விடியற்காலை. அதன் பிறகு ஆறு வருஷமாக வந்துகொண்டிருப்பது ஒரே கருவி, அதன் பெயர் ஜின்சி டேப். என்னுடைய பழைய டேப்லெட், உடைந்த மூலையோடு இப்போது மகள் கையில் கார்ட்டூன் ஓடுகிறதே, அதுவேதான், என்றைக்கோ இந்தப் பெட்டியை அதில் சேர்த்து வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறேன், நாளுக்கு நாலைந்து தரம் அது தானே போய் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறது. நான் சோறு பொங்கும்போது, புருஷன் ஷாஜுவின் டயர் கடைக்குச் சாப்பாடு கட்டும்போது, குழந்தைக்குக் காய்ச்சலில் துணி நனைத்துப் போடும்போது, ஒருநாள் தவறாமல். நிறுத்திவிட்டேன் என்று எவ்வளவு பெருமை எனக்கு! கோபப்படக்கூட ஆளில்லை, அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, வரவில்லை, அவ்வளவுதான்.

"இன்னும் எத்தனை மோளே?" சிஸ்டர் ஜெசிந்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். "ஒண்ணுதான் சிஸ்டர். லேப் பெட்டி." "அது யார் பேர்ல?" "யார் பேர்லயும் இல்ல." "அப்ப விட்டுத்தள்ளு. ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்கு வெளக்கு?" என்றார், பிறகு என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, அந்த நாளில் எல்லாருடைய நகலையும் படித்தவராயிற்றே, படிக்காததும் தெரிந்திருக்குமோ, குரலைத் தணித்து, "வேணும்னா ஒன் பேரப் போட்டு வச்சுக்க. நான் கேக்கல," என்றார்.

என் பெயர்தான் அடித்தேன். அடுத்த கட்டத்தில் நம்பர், ஷாஜுவின் நம்பர் இன்றுவரை எனக்கு மனப்பாடமில்லை, என்னுடையதைப் போடுவோம் என்று நினைத்துத்தான் கையை வைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், விரல் ஓடிவிட்டது, பத்து எண்ணையும் தட்டி அனுப்பு என்பதையும் தட்டியாயிற்று, எட்டு நட்சத்திரமும் கடைசி இரண்டு எண்ணும் திரையில் வந்தபோதுதான் கண்டேன், என்னுடையது அறுபத்தொன்று, இது நாற்பத்தேழு. லிஜோவின் பழைய ஊர் நம்பர். சரிபார்ப்புக் குறியீடு அனுப்பப்பட்டது, பத்து நிமிடம் செல்லும் என்கிறது திரை. இப்போது அந்த நம்பர் யாரிடமோ, பாலக்காட்டில் ஒரு பஸ் டிரைவரிடமோ, அந்தக் குளிர் ஊரில் ஏதோ மேஜை இழுப்பறைக்குள்ளோ… மாற்று என்று ஒரு பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது, அழுத்தினால் என் போனுக்கு வந்துவிடும், வேலை முடிந்துவிடும், நாலரை பஸ்ஸைப் பிடிக்கலாம். அழுத்தவில்லை. ஒன்பது நிமிடம், எட்டு. ஆறு வருஷத்தில் அவனுக்கு நான் அனுப்பியே விட்ட ஒரே சேதி இதுதான், அதில் ஆறு எண்களைத் தவிர ஒன்றுமில்லை.

"வந்துச்சா மோளே?" என்றார் சிஸ்டர்.

"இன்னும் வரல, சிஸ்டர்."