பொனற்றில் மூன்று பொட்டு

மூடுதுணியைப் பின்பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வருவதுதான் பிரபாலினியின் வழக்கம். முதலில் வால்விளக்குகள் தெரியும், பிறகு சரிந்து இறங்கும் கூரை, பிறகு முன்கண்ணாடி. எஞ்சினை மூடும் பொனற் கடைசியில்தான். சின்ன வயதில் தட்டிலிருக்கும் பொரியலைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைப்பாளே, அதே பழக்கம். அந்த வெள்ளிக்கிழமை காலையும் அப்படியே சுருட்டிக்கொண்டு வந்தாள். கராஜின் சிறிய ஜன்னலால் வந்த சாம்பல் வெளிச்சத்திலும் அந்த வெள்ளை தனியாகத் தெரிந்தது. துணியின் கடைசி மடிப்பு விலகியபோது, முகப்பில் ஓடும் குதிரைச் சின்னத்துக்கு நேர்மேலே, பொனற்றின் நடுவில் மூன்று மஞ்சள் வட்டங்கள் இருந்தன. அவள் விரலால் தொட்டாள். காய்ந்த மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. வட்டங்கள் உதிரவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கார்களுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் அவளுடைய தொழில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதற்குத்தான் அவள் Ausbildung என்ற தொழிற்பயிற்சி செய்தாள். ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரின் தெற்கே ஒரு பட்டறையில் இன்றுவரை அதைத்தான் செய்கிறாள். இந்த பொனற்றைப் போன சனிக்கிழமை, முதலாளியிடம் கேட்டு, அங்கிருக்கும் தூசி புகாத அறையில் வைத்து அடித்திருந்தாள். தொட்டால் கல்லாக இருக்கும். உள்ளே இறுகுவதற்கு இன்னும் வாரங்கள் வேண்டும். அதன்மேல் ஈர மஞ்சளைக் குழைத்து வைத்து, மேலே துணியையும் மூடி, ஓர் இரவு முழுக்க விட்டால் பெயின்ற் அதைக் குடித்துவிடும். குடித்துவிட்டது.

இன்று காலை பரிசோதனைக்கு Termin, முன்பே குறித்த நேரம், இருந்தது. முப்பது வயது தாண்டிய கார்களுக்கு இந்த நாட்டில் 'எச்' எழுத்தோடு முடியும் இலக்கத்தகடு கொடுப்பார்கள். அதற்குப் பரிசோதகர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, இந்தக் கார் அதன் காலத்துக்குரிய நிலையில் நன்றாகப் பேணப்பட்டிருக்கிறது என்று எழுதித்தர வேண்டும். எழுதித் தந்தால் ஞாயிற்றுக்கிழமை ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு இந்தக் காரில் போகலாம். எழுதாவிட்டால் கார் கராஜில், அவர்கள் ரெயினில்.

ரெயினில் போவதொன்றும் பெரிய காரியமல்ல. ஆனால் இரண்டு கிழமைக்கு முன் அம்மா, கீரையை ஆய்ந்துகொண்டு, தலையை நிமிர்த்தாமலே, "இந்த முறை தேருக்கு உன்ரை காரில போவம்" என்று சொல்லியிருந்தாள். பிரபாலினி கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காரின் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஏனென்றால் அவள் அம்மா தேவமலர், பதின்மூன்று வருடமாக, ஹம் கோயிலில் சந்திக்கும் பெண்களிடமெல்லாம் மகள் ஒரு கார்க் கொம்பனியில் இஞ்சினியர் என்று சொல்லி வந்திருக்கிறாள். முதலில் அது ஒரு சின்னப் பேச்சாக இருந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தேருக்கும் அது வளர்ந்தது. போன வருடம் மங்கையற்கரசி என்பவர், "பிள்ளை உங்கடை கொம்பனியில என்ரை மருமகனுக்கும் ஒரு வேலை பாரன்" என்று கேட்டபோது, பிரபாலினி நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்றை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்தாள். அண்ணன் சேயோன் பி.எம்.டபிள்யூ வாங்கியபோது அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, நான்கு சக்கரச் சில்லுக்கடியிலும் நசிக்கத் தேசிக்காய் வைத்து அனுப்பினாள். அவன் பரீட்சை எழுதப் போன பேனைக்குக்கூடப் பொட்டு வைத்தவள். பிரபாலினி தொழிற்சான்றிதழோடு வீட்டுக்கு வந்த அன்று, "சாப்பிட்டியோ" என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் காரையும் அம்மா நான்கு வருடமாகக் காராகப் பார்த்ததில்லை. அறுபத்தெட்டாம் ஆண்டு மஸ்டாங். ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டிலில், எப்போதோ ஓர் அமெரிக்கச் சிப்பாய் விட்டுப்போன அது, வைக்கோலுக்குள் பாதி மூழ்கிக் கிடந்தது. பின்சீற்றில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. அந்த மனிதரின் உழவு இயந்திரத்துக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்துக் கொடுத்து அதை வாங்கினாள். இழுவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய அன்று அப்பா ஆனந்தராசா உள்ளே எட்டிப் பார்த்தார். தரைத்தகடு உக்கிப்போய்க் கீழே நிலம் தெரிந்தது. "நல்லது பிள்ளை. பிரேக் வேண்டாம், காலாலேயே ஊண்டி நிப்பாட்டலாம்" என்றார்.

அந்தத் தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டினாள். எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி, மூன்று மாரிகாலம் சிறுகச் சிறுகத் துப்புரவாக்கிப் பூட்டினாள். முன்சில்லுகளில் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, அந்தக் காலத்திலேயே அந்தக் காருக்கு வந்த டிஸ்க் பிரேக்கைத் தேடி மாற்றினாள். முதன்முதலாக எஞ்சின் பிடித்த மாலையில் மேல்மாடி ஜன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன. அம்மா பல்கனியில் வந்து நின்று கீழே பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டிருந்தாள், ஆனால் உள்ளே போகவில்லை. அதைப் பிரபாலினி கவனித்தாள். அதன் பிறகுதான், யாரிடமும் சொல்லாமல், பக்கத்து இருக்கையின் கீழ் ஒரு சட்டம் செய்து வைத்து அதை ஒரு சாண் உயர்த்தினாள். தேவமலர் உயரம் குறைந்தவள். அந்த நீண்ட பொனற்றுக்கு மேலால் அவளுக்குத் தெரு தெரியாது.

இப்போது அதே பொனற்றில் மஞ்சள். அவள் படியேறி வீட்டுக்குள் போனபோது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பொனற்றில மஞ்சள் வச்சனீங்களோ?"

"ஓம். நேத்துப் பின்னேரம் நீ வேலைக்கு நிக்கேக்கை போய் வச்சனான். கற்பூரமும் காட்டினனான். சந்தனம் முடிஞ்சு போச்சு, அதுதான் மஞ்சளைக் குழைச்சன்." துருவலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், பொட்டில்லாமல் வாகனத்தை வெளிக்கிடுத்திறதோ?"

"பெயின்ற் இன்னும் காயேல்லை அம்மா. ஊறிப்போச்சு. இனித் துடைச்சால் போகாது."

துருவும் சத்தம் நின்றது.

"சேயோன்ரை காருக்கும் வச்சனான் தானே. ஒண்டும் நடக்கேல்லை."

"அது கார் செய்யிற ஃபாப்ரிக்கில அடிச்சது. இது நான் அடிச்சது."

சொன்ன பிறகுதான் அந்த வசனம் எப்படி ஒலித்தது என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா கையைத் துடைத்தாள். "தேங்காயெண்ணை பூசித் துடைச்சுப் பாப்பமோ?" என்றாள், மிகவும் மெல்ல.

"ஐயோ, தயவுசெய்து ஒண்டும் பூசாதேங்கோ."

"அப்ப என்ன செய்யிறது? Termin தள்ளி வைக்கேலாதோ?"

"ஏலாது. வச்சால் தேர் முடிஞ்சுதான் கிடைக்கும்."

முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா, "இடியப்பத்துக்கு மஞ்சள் போட்டால் சொதி. காருக்குப் போட்டால் என்னவோ" என்றார். இருவரும் திரும்பிப் பார்த்ததும் கோப்பையோடு பல்கனிக்குப் போய்விட்டார்.

பிரபாலினி கீழே வந்து மிக நுண்ணிய அரத்தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள். ஈரமாகத் தேய்த்து எடுக்கலாம். ஆனால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாது. ஆழம் போயிருந்தால் அந்த இடத்தில் பளபளப்பு செத்துவிடும், முழு பொனற்றையும் திரும்ப அடிக்க வேண்டிவரும், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் இல்லை. முதலில் எங்கே தொடங்குவது என்று பார்ப்பதற்காகக் கைவிளக்கை எரியவிட்டுக் குனிந்தாள். பெயின்றில் ஒரு பிழை தேடும்போது அவள் அப்படித்தான் குனிவாள், கன்னம் இரும்பில் முட்டுமளவுக்கு.

நடுவட்டத்துக்குள் கோடுகள் இருந்தன. மெல்லிய, வளைந்த, ஒன்றையொன்று சுற்றிய மஞ்சள் கோடுகள். அவற்றுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல். அது எதுவென்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, அம்மாவின் விரல்ரேகை. அம்மா இருபது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வெங்காயம் நறுக்கியவள். மோதிரவிரல் நுனியில் கத்தி பட்ட தழும்பு ஒன்று அவளுக்கு உண்டு. அழுத்தி வைத்திருக்கிறாள். பயந்து பயந்து தொட்ட கை அல்ல இது. மூன்று வட்டமும் ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில், நடு வட்டம் சற்றுப் பெரிதாக. பொனற்றின் சரியான நடுவை அளவுகோல் இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறாள்.

அரத்தாளிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவள் சப்பாத்தை நனைத்தது. அவள் அந்தத் தாளை வாளிக்குள் திரும்பப் போட்டாள்.

பரிசோதகர் நரைத்த மீசையும் சுத்தமான நகங்களும் கொண்ட, அவசரப்படாத மனிதர். பட்டறையின் இழுவை வண்டியிலிருந்து காரை இறக்கியதும் சுற்றி வந்தார். கீழே விளக்குப் பிடித்துத் தரைத்தகட்டைப் பார்த்தார். ஒட்டிய இடத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. பிரேக்கைப் பார்த்துத் தலையாட்டினார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது அவருடைய தலை கூரையில் முட்டியது.

"இது ஏன் உயரம்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"அம்மா குள்ளம்."

அவர் இறங்கிக் குனிந்து, சட்டத்தையும் ஆணிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு பெயின்றின் தடிப்பை அளக்கும் கருவியைக் கதவுகளில் வைத்து வைத்து முன்னால் வந்தார். பொனற்றுக்கு வந்ததும் நின்றார். பிரபாலினி கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இது?"

"அம்மா," என்றாள் மறுபடியும். பிறகு சொன்னாள்: "புது வாகனத்துக்கு வைக்கிறது. நல்லபடி போய்வர வேண்டும் என்று."

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக் குனிந்து பார்த்தார். "மாற்றங்கள் எல்லாம் அந்தக் காலத்துக்குரியவையாக இருக்க வேண்டும் என்பது விதி," என்றார். முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

"இது அதைவிடப் பழையது," என்றாள் பிரபாலினி.

மீசை ஒரு பக்கமாக அசைந்தது. கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, வெறும் உள்ளங்கையால் பொனற்றின் விளிம்பை முழு நீளத்துக்கும் தடவினார். தொழில் தெரிந்தவர்கள் தடவும் விதம் அது. "யார் அடித்தது?" என்று கேட்டார்.

"நான்."

அவர் எழுதத் தொடங்கினார்.

அங்கிருந்து பதிவு அலுவலகத்துக்கு ஓடி, மூடுவதற்கு முன் இலக்கத்தகட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து பூட்டும்போது அம்மா கராஜ் வாசலில் நின்றாள். தகட்டைப் பார்க்கவில்லை, பொட்டுகளைத்தான் பார்த்தாள்.

"அவன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. யோசியாதேங்கோ அம்மா. மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. ரெண்டு மூண்டு நாள் நல்ல வெயில்ல விட்டால் தன்பாட்டில போயிடும்."

"மெய்யாவோ?" தேவமலரின் முகம் தெளிந்தது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பீலெஃபெல்டின் வானம் வழக்கம்போல மூடிக் கிடந்தது. "சனியன் பிடிச்ச முகில்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முகில் இல்லை. நான்கு தேசிக்காயும் சில்லுகளுக்கடியில் ஒவ்வொன்றாக நசிந்தன. கடைசி ஒன்று தெறித்துப்போய் அப்பாவின் வேட்டியில் பட்டது. அவர் பின்சீற்றில் முழங்கால் நாடியில் முட்ட மடங்கி உட்கார்ந்தார். "ஊரிலயிருந்து ஷோனெஃபெல்ட் எயாப்போட்டில வந்து இறங்கின பிறகு என்னை ஒரு வானில மடிச்சு ஏத்தினவங்கள். அதுக்குப் பிறகு இப்பதான்," என்றார். அம்மா அரக்கு நிறக் காஞ்சிபுரத்தில் முன்னால் ஏறினாள். இருக்கையில் அமர்ந்ததும் ஒருமுறை கீழே பார்த்தாள், பிறகு முன்னால் பார்த்தாள். பொனற் முழுவதும், அதற்கப்பால் தெருவும் தெரிந்தன. அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஹம் வரும்வரை அதை விடவே இல்லை.

கோயிலுக்குப் போகும் தெருவில் வாகனங்கள் நிரையாக நின்றன. எஞ்சினின் உறுமலுக்கு நடந்துபோகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவடிக்காரப் பெடியன்கள் இரண்டு பேர் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அர்ச்சனைத் தட்டோடு போய்க்கொண்டிருந்த மங்கையற்கரசி நின்று, குனிந்து உள்ளே பார்த்து, அதிசயப்பட்டுப் பக்கத்தில் வந்தார். அம்மா கண்ணாடியைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி இறக்கினாள்.

"தேவமலர், உதென்ன படத்தில வாற கார்? மகளின்ரை கொம்பனிக் காரோ? இஞ்சினியர்மாருக்கு உப்பிடியும் குடுக்கிறவங்களோ?"

பிரபாலினி நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் பழக்கத்தில் உள்ளே மடிந்தன.

"கொம்பனிக் கார் இல்லை மங்கையக்கா. இவளின்ரை," என்றாள் அம்மா. எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "இவள் இஞ்சினியரும் இல்லை. பெயின்ற் அடிக்கிறவள். கையை வச்சுப் பாருங்கோ, எப்பிடி அடிச்சிருக்கிறாள் எண்டு."

மங்கையற்கரசி தட்டை இடக்கைக்கு மாற்றிவிட்டுக் கதவில் கையை வைத்தார். "கண்ணாடி மாதிரிக் கிடக்கு," என்றார். பிறகு முன்னால் பார்த்து, "பொட்டும் வச்சிருக்கிறாய்."

"நான்தான் வச்சனான். கொஞ்சம் ஊறிப்போச்சு."

பின்சீற்றிலிருந்து அப்பா, "மங்கையக்கா, இஞ்சை நானும் இருக்கிறன்," என்றார்.

நிரை நகர்ந்தது. புல்வெளியில் தொண்டர் ஒருவர் பச்சைக்கொடியை ஆட்டி இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று வெட்டவெளி, வெயில் நேராக விழும் இடம். மற்றது ஒரு லிண்டன் மரத்தின் கீழே.

"வெயிலுக்கை விடு பிள்ளை," என்றாள் அம்மா. "இண்டைக்கு நல்ல வெயில். பின்னேரத்துக்கிடையில பாதி போயிடும்."

ஆனி மாதத்து லிண்டன் மரம் பிசின்போல எதையோ சொட்டிக்கொண்டேயிருக்கும். பெயின்ற் தொழிலில் இருப்பவர் எவரும் அதன் கீழே கார் விடமாட்டார். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிரபாலினி சொல்லும் முதல் புத்திமதியும் அதுதான். அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் மெதுவாக மரத்தடிக்குள் போய் நின்றது. எஞ்சினை நிறுத்தியதும் தூரத்தில் மேளமும் நாதஸ்வரமும் கேட்கத் தொடங்கின. அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் சேலை நசியாமல் அப்படியே உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை பொனற்றின் மேல் இலைகளின் நிழல் அசைந்தது. இடையிடையே ஒரு துண்டு வெயில் விழுந்து, வழுக்கிக்கொண்டு பொட்டுகளின் அருகே வரும். அவற்றைத் தொடுவதற்கு முன் காற்று வந்து இலைகளை மூடும்.