ஆறாவது இடத்து அணி

நெய்வேலி பெண்கள் கபடி அணி, ஆடிய ஐந்து ஆட்டங்களையும் வென்று மாவட்டப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பயிற்சியாளர் கலியமூர்த்தி மைதானத்திலேயே எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தந்தார். கேப்டன் சத்யப்பிரியா மட்டும் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோத நாள் போதாது என்று சீட்டுக் குலுக்கித்தான் ஆட்டங்களைப் பிரித்திருந்தார்கள். நெய்வேலிக்கு வாய்த்தவை பெரும்பாலும் புது அணிகள். மேல்பட்டாம்பாக்கம் அணிக்கோ பலமான அணிகளாகவே வந்தன. மூன்று ஆட்டங்களில் ஓரிரு புள்ளியில் தோற்று அது ஆறாவது இடத்தில் நின்றது.

“சார், மேல்பட்டாம்பாக்கத்தை ஒரு மேட்ச்சுக்குக் கூப்பிடலாமா?”

“எதுக்கும்மா? நாமதான் ஃபர்ஸ்ட் வந்துட்டமே. ஸ்டேட்டுக்குப் போற வேலையப் பாரு.”

“நாம இன்னும் பெரிய டீம் எதையும் பாக்கல சார். அங்க போய் அடி வாங்கறதுக்குப் பதிலா இங்கயே தெரிஞ்சுக்கலாமே.”

ஞாயிற்றுக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். அவர்களில் தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்த மிஸ்ரியா முதல் ரெய்டிலேயே மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினாள். சத்யப்பிரியா ரெய்டு போனபோதெல்லாம் மடக்கிப் பிடித்தார்கள். அவர்கள் எடுத்ததில் பாதிகூட எடுக்காமல் நெய்வேலி தோற்றது.

“நீங்க எல்லாத்துலயும் ஜெயிச்சீங்கன்னு பயந்துக்கினே வந்தோம்க்கா” என்றாள் மிஸ்ரியா. அதில் கேலி இல்லை. அதுதான் சத்யப்பிரியாவைச் சுட்டது.

மாநிலப் போட்டிக்குப் போகும் அணி, மாவட்டத்தின் மற்ற அணிகளிலிருந்து இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கலியமூர்த்தி இரண்டாம் இடத்து அணியில் ஆள் பார்த்து வைத்திருந்தார்.

“மிஸ்ரியாவ எடுங்க சார். ஓரத்துல நின்னு என்ன மடக்குன அந்தக் கார்னர் பொண்ணையும்.”

“ஆறாவது டீம்லேர்ந்தா? மாவட்டக் கமிட்டில சிரிப்பாங்க.”

“இன்னைக்கு மேட்ச்சப் பாத்தவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க சார்.”

“அவ வந்தா மெயின் ரெய்டர் அவதான். நீ வெளிய ஒக்காரணும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்” என்றாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாநிலப் போட்டியில் நெய்வேலி இரண்டு ஆட்டங்களை வென்று கால் இறுதியில் தோற்றது. சத்யப்பிரியா பெரும்பாலும் பெஞ்சில் இருந்தாள். கடைசி ஆட்டத்தில் மட்டும் மாற்று ஆளாக இறங்கி இரண்டு புள்ளிகள் எடுத்தாள்.

ஊர் திரும்பியதும் கலியமூர்த்தி கமிட்டியிடம் பேசினார். அடுத்த ஆண்டு பழைய அணிகளையும் புது அணிகளையும் தனித்தனியாகக் குலுக்கி, எல்லோருக்கும் இரண்டிலும் சம பங்கு கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அதுவரை ஞாயிறுதோறும் மேல்பட்டாம்பாக்கத்தோடு ஆட ஏற்பாடாயிற்று. முதல் சில வாரங்கள் நெய்வேலி தோற்றுக்கொண்டுதான் இருந்தது.